நூறு குளத்தில் பறவை எண்ணினால் நூறு தகவல் ஆகுமா?

தக்கலை பக்கம் எம்.எஸ்சி. கணிதம் படிக்கும் ஒருவர் இங்கே கேட்டிருந்தார்: “கன்னியாகுமரி மாவட்டத்துக் குளங்களில் பறவைகளை எண்ணி, எந்தப் பறவை எங்கே, ஏன் இருக்கிறது என்று கணிதத்தையும் புள்ளியியலையும் வைத்து ஆராய முடியுமா? அதற்கு எந்தக் கணிதம் படிக்க வேண்டும்? நூறு குளம் எண்ணினால் போதுமா?” முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: முடியும். இரண்டாவதற்கு ஒரு பத்தி போதும், பிறகு சொல்கிறேன். மூன்றாவதுதான் விஷயமுள்ள கேள்வி. எத்தனை குளம் என்று கேட்பதுபோல் இருந்தாலும், அதற்குள் இருப்பது வேறு: கரையில் நின்று நான் எழுதி வரும் எண், அந்த இடத்தைப் பற்றி எவ்வளவு சொல்கிறது? இடம் சார்ந்த சூழலியலில் பாதிக் கணக்கு இந்தக் கேள்வியைச் சமாளிக்கத்தான் பிறந்தது.

நான் படித்தது புள்ளியியல். பறவை, தவளை, மரம் என்று களத்தில் அலைபவர்கள் கொண்டுவரும் தரவை அலசிக் கொடுப்பது பல வருடமாக என் வேலை. அந்தப் பழக்கத்திலிருந்து எழுதுகிறேன். கடல் பக்கம், மீன்வளம் பக்கம் நான் போனதில்லை, அதனால் அவற்றைத் தொடவில்லை.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்கலாம். அருகருகே இருக்கும் இரண்டு இடங்கள், தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு இடங்களைவிட ஒன்றுபோல் இருக்கும். வால்டோ டோப்ளர் என்ற புவியியலாளர் 1970-இல் இதைப் புவியியலின் முதல் விதி என்றே சொல்லிவிட்டார். வயலில் நிற்பவருக்கு இது விதியாகவே தோன்றாது. ஆனால் கல்லூரியில் நாம் கற்கும் சோதனைகள் பெரும்பாலும், ஒவ்வொரு அளவீடும் மற்றதைச் சாராதது என்ற அனுமானத்தின் மேல் நிற்கின்றன. தேரூர் குளத்தையும் சுசீந்திரம் குளத்தையும் ஒரே காலையில் எண்ணிவிட்டு இரண்டு தகவல் என்று எழுதுவது, ஒரே வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பியிடம் ஊர்ச்செய்தி கேட்டுவிட்டு “இரண்டு பேர் உறுதிப்படுத்தினார்கள்” என்று சொல்வது மாதிரி.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எண்ணில் பார்த்தால்தான் உறைக்கும். நூறு குளம் எண்ணினீர்கள், எந்த இரண்டு குளத்துக்கும் இடையிலான ஒட்டுறவு, அதாவது ஒன்றில் எண் கூடினால் மற்றதிலும் எவ்வளவு சேர்ந்து கூடுகிறது என்பதன் அளவு, வெறும் 0.1 என்று வைத்துக்கொள்வோம். 0.1 என்றால் வரைபடத்தில் போட்டால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் சராசரியின் மாறுபாடு, அதாவது மறுபடி மறுபடி எண்ணினால் சராசரி எவ்வளவு ஆடும் என்பதன் அளவு, சாராத அளவீடுகளுக்கு வரவேண்டியதைப்போல் 1 + 99 × 0.1, அதாவது 10.9 மடங்கு ஆகிவிடும். நூறை 10.9-ஆல் வகுத்தால் ஒன்பது சொச்சம். நூறு குளம் சுற்றி வந்தவர் கையில் இருப்பது, ஒன்றையொன்று சாராத ஒன்பது குளங்களின் கனம்தான். உண்மையில் ஒட்டுறவு எல்லா ஜோடிக்கும் ஒரே அளவில் இருக்காது, தூரம் கூடக்கூடக் குறையும், அதனால் இழப்பு இவ்வளவு மோசமாக இல்லாமலும் போகலாம். இன்னொன்று, இந்தக் கணக்கு சராசரிக்கு மட்டும்தான். நீர் ஆழத்துக்கும் பறவை எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பைத் தேடினால், நீர் ஆழமும் இடத்துக்கு இடம் எவ்வளவு ஒட்டி நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒட்டி நடந்தால், இல்லாத தொடர்பு இருப்பதாகத் தெரியலாம். இதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஆய்வேடுகளில் அதிகம் கண்ணில்படும் பிழை இதுதான்.

இந்த ஒட்டுறவு எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பது முக்கியம். ஒன்று, சூழல் தரும் ஒட்டுறவு: ஒரே கால்வாயில் தண்ணீர் வாங்கும் குளங்கள் ஒன்றாக நிறையும், ஒன்றாக வற்றும். மற்றொன்று, உயிரினமே உண்டாக்கும் ஒட்டுறவு: கூட்டமாக இறங்கும் பறவை, தாயின் அருகிலேயே முளைக்கும் விதை. முதலாவதைத் தண்ணீர் மட்டம் போன்ற ஒரு காரணியை அளந்து கணக்கில் சேர்த்தால் சமாளிக்கலாம். இரண்டாவதற்கு அப்படி வழி கிடையாது. மாதிரிக்குள்ளேயே, அதாவது தரவுக்குப் பொருத்தும் சமன்பாட்டுக்குள்ளேயே, அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

அளக்கும் கருவிகள் பழையவை, எளியவை. பேட்ரிக் மொரான் 1950-இல் தந்த குறியீடு, பக்கத்து இடங்கள் சராசரியிலிருந்து ஒரே திசையில் விலகுகின்றனவா என்று ஒற்றை எண்ணில் சொல்லும். அதைவிட எனக்குப் பிடித்தது வேரியோகிராம்: எல்லா ஜோடிகளையும் எடுத்து, தூரம் கூடக்கூட வேறுபாடு எப்படி வளர்கிறது என்று வரைவது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிகே செய்ததை ஜார்ஜ் மாத்தரோன் 1960-களில் பிரான்சில் கோட்பாடாக்கினார். அளக்காத இடத்தின் மதிப்பை அளந்த இடங்களிலிருந்து ஊகிக்கும் கிரிகிங் அதிலிருந்து வந்தது.

இதைப் பழகிப் பார்க்க நம் மாவட்டத்திலேயே ஒரு தரவு சும்மா கிடைக்கிறது. மழைக்காலத்தில் பத்திரிகைகளில் வரும் மழைப் பட்டியல்தான்: பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, பாலமோர், சுருளோடு, பூதப்பாண்டி, மயிலாடி, கொட்டாரம், குளச்சல், இரணியல், தக்கலை, முள்ளங்கினாவிளை, கோழிப்போர்விளை என்று இருபது சொச்சம் இடங்கள் அதில் இருக்கும். ஒரு பருவத்துக் கணக்கைச் சேர்த்து வேரியோகிராம் போட்டுப் பாருங்கள், இரண்டு விஷயம் உடனே தட்டுப்படும். ஒன்று, திசை. தென்மேற்குப் பருவமழையில் மலையோரம் கொட்டும்போது ஆரல்வாய்மொழி, மயிலாடி பக்கம் பெரும்பாலும் தூறலோ காற்றோதான். மலைத்தொடர் போகும் திசையில் இருபது கிலோமீட்டர் நகர்ந்தால் வரும் வேறுபாடும், அதற்குக் குறுக்கே நகர்ந்தால் வரும் வேறுபாடும் ஒன்றல்ல. தூரம் ஒன்றே போதும் என்று நினைக்கும் சாதாரண கிரிகிங் இங்கே தடுமாறும், உயரத்தையும் சேர்த்துக்கொண்டால்தான் கொஞ்சம் நிமிரும். இரண்டு, வடகிழக்குப் பருவமழையில் அதே நிலையங்களின் படம் மாறிவிடும். ஆக, மாவட்டத்தின் மழைக்கு ஒரே வேரியோகிராம் என்று ஒன்று கிடையாது. அப்புறம் ஒரு எச்சரிக்கை. இருபது நிலையத்திலிருந்து 190 ஜோடிதான் தேறும், அதைத் தூர வாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு பிரிவிலும் கொஞ்சம்தான் மிஞ்சும். நம்பும்படியான வேரியோகிராமுக்கு நூறு இடமாவது வேண்டும் என்பது இந்தத் துறையில் வழக்கமான அறிவுரை. பழகுவதற்கு இருபது போதும், முடிவு சொல்லப் போதாது.

இனி பறவைக்கு வருவோம். கூழைக்கடா தண்ணீரில் இருந்தால் சாலையில் பஸ்ஸில் போகிறவருக்கும் தெரியும். சம்புப் புதருக்குள் அசையாமல் நிற்கும் மஞ்சள் குருகு அப்படியல்ல. தாமரை மூடிய குளத்தில் முக்குளிப்பானே தப்பிவிடும். எனவே உங்கள் தாளில் எழுதும் “இல்லை” என்பதற்கு இரண்டு பொருள் உண்டு: பறவை இல்லை, அல்லது இருந்தும் கண்ணில் படவில்லை. ஒரு முறை போனால் பார்க்கும் வாய்ப்பு 0.3 உள்ள பறவை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை போயும் ஒரு தடவைகூடக் காணாமல் போகும் வாய்ப்பு 0.7-இன் மூன்றாம் அடுக்கு, அதாவது 0.343. அது இருக்கும் குளங்களில் மூன்றில் ஒன்றை “இல்லை” என்று எழுதிவிடுவீர்கள். ஐந்து முறை போனால் இது 0.17 ஆகும். நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே கொண்டுவர ஒன்பது முறை போக வேண்டும்.

இதற்கான மாதிரியை மெக்கன்சியும் உடனிருந்தவர்களும் 2002-இல் முறைப்படி தந்தார்கள். ஒரே குளத்துக்குப் பலமுறை போவதால் வரும் “கண்டேன், காணவில்லை” வரிசையிலிருந்து, பறவை அங்கே இருக்கும் நிகழ்தகவையும் இருந்தால் கண்ணில் படும் நிகழ்தகவையும் தனித்தனியே பிரித்தெடுக்கலாம். எம்.எஸ்சி. கணிதம் படித்தவருக்கு அதன் சாத்தியக்கூறு சார்பை, அதாவது நாம் கண்ட வரிசை வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் கோவையை, எழுதுவது ஒரு மாலை வேலை. கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் போய் வரும் நாட்களுக்கு இடையில் குளத்தின் நிலை மாறவில்லை என்று அந்த மாதிரி நம்புகிறது. நம் குளங்களில் அது எவ்வளவு உண்மை? மடை திறந்தால் மாறும், தாமரைக் குத்தகைக்காரர் வள்ளம் இறக்கினால் அன்றைக்கு மாறும். தேரூரில் காலையில் மேய்ந்த கூட்டம் மாலையில் மணக்குடிக் காயலில் இருக்கலாம். நாரை, கூழைக்கடா போன்ற பெரிய பறவைகளுக்குக் குளம் ஒரு வீடு அல்ல, ஒரு வேளைச் சாப்பாட்டு இடம். அவற்றுக்கு இந்த மாதிரி தரும் எண்ணை “இருக்கிறது” என்று படிக்காமல் “பயன்படுத்துகிறது” என்று படிப்பதுதான் நியாயம். அதே கூட்டத்தை இரண்டு குளத்தில் இரண்டு முறை எண்ணிவிடாமல் இருக்க, அருகருகே உள்ள குளங்களை ஒரே நேரத்தில் வெவ்வேறு ஆட்கள் எண்ணுவதைத் தவிர வழியில்லை. எந்தச் சூத்திரமும் பின்னால் வந்து அதைச் சரிசெய்யாது.

பருவத்தையும் விட்டுவிடக் கூடாது. இரண்டாம் போகமான கும்பப்பூ நெல் அறுவடை முடியும்போது கொக்கும் அரிவாள் மூக்கனும் நத்தை குத்தி நாரையும் வயலுக்குப் போய்விடும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-லிருந்து ஜனவரியில் நடக்கிறது. அந்த ஜனவரி எண்ணையும், நீங்கள் மார்ச்சில் எண்ணியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து “குறைந்துவிட்டது” என்று எழுதினால், அறுவடை, வலசைப் பறவை திரும்புவது, உண்மையான சரிவு மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடும். இடத்தை மட்டும் ஆராய்கிறேன் என்பவர்கள் காலத்தை இப்படித்தான் தெரியாமல் உள்ளே விடுகிறார்கள்.

சொந்தமாக எண்ணாமல், பறவை ஆர்வலர்கள் இணையத்தில் பதிந்த பட்டியல்களை இறக்கி வேலை செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். செய்யலாம், கவனத்தோடு. சுசீந்திரம்–தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. தேரூர் நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியிலேயே இருக்கிறது. அங்கே எல்லோரும் போவார்கள். திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கும் ஒரு சின்னக் குளத்துக்கு யார் போவார்? மக்கள் பறவை அதிகம் உள்ள இடத்தைத் தேடிப் போகிறார்கள் என்பதால், பதிவுகளை அப்படியே வரைபடமாக்கினால் பறவைகளின் பரவலைவிடப் பறவை பார்ப்பவர்களின் பரவல்தான் பளிச்சென்று தெரியும். பக்கத்துக் கேரளத்தில் 2015 முதல் 2020 வரை தன்னார்வலர்கள் செய்த பறவை வரைபட முயற்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாநிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள சிறு கட்டங்களைச் சமவாய்ப்பில், அதாவது குலுக்கல் முறையில், தேர்ந்து, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அங்கே போய் எண்ணினார்கள். எல்லை தாண்டினால் பாறசாலை, இந்தப் பக்கம் களியக்காவிளை. அதே முறையை இங்கும் கொண்டுவருவதற்குத் தடை எதுவும் இல்லை.

குளத்தை விட்டு மரத்துக்குப் போனால் கணிதம் இன்னும் சுத்தமாக இருக்கும், ஏனென்றால் மரம் பறக்காது. ஒவ்வொரு மரத்தின் இடத்தையும் புள்ளியாகக் குறித்து, அந்தப் புள்ளிகள் சும்மா சிதறியவையா, கூடி நிற்பவையா, ஒன்றையொன்று தள்ளி நிற்பவையா என்று கேட்கலாம். கிளார்க், எவான்ஸ் இருவரும் 1954-இல் சொன்ன சோதனை மிக எளிது: ஒரு ஹெக்டேரில் 25 மரம் சமவாய்ப்பில் சிதறியிருந்தால், ஒரு மரத்துக்கும் அதன் அண்டை மரத்துக்கும் சராசரித் தூரம் 10 மீட்டர் வரவேண்டும். நான்கு மீட்டர் வந்தால் கூட்டம், பதினாறு வந்தால் ஒழுங்கு. ரப்பர் தோட்டத்தில் செய்தால் ஒழுங்கு என்று வரும், அதைச் சொல்லக் கணிதம் தேவையில்லை. ரிப்ளே 1970-களில் தந்த சார்பு ஒரே தூரத்தோடு நிற்காமல், எல்லாத் தூரத்திலும் இதைப் பார்க்கும். நீலகிரி மாவட்டம் முதுமலையில் 1988-இல் தொடங்கிய 50 ஹெக்டேர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ள ஒவ்வொரு தண்டும் குறிக்கப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட இடங்கள்தான் இந்தக் கணக்குக்கு நல்ல தீனி.

ஆனால் இங்கே ஒரு சுவர் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டே உள்ளே போக வேண்டும். தோவாளைப் பக்கத்துப் பனைகளைக் குறித்துப் பார்த்தால் கூட்டமும் வரும், கோடும் வரும். கூட்டம் ஏன் வருகிறது? காய் விழுந்த இடத்திலேயே முளைத்ததாலா, அந்த மண் பனைக்குத் தோதானதாலா, வரப்போரமாக யாரோ நட்டதாலா? ஒரே ஒரு முறை எடுத்த ஒரே ஒரு வரைபடத்திலிருந்து, “ஒன்றையொன்று ஈர்ப்பதால் கூட்டம்” என்பதையும் “நிலம் சமமில்லாததால் கூட்டம்” என்பதையும் பிரிக்க முடியாது. இது கணினி போதாததாலோ தரவு போதாததாலோ வரும் குறை அல்ல. இரண்டு வகைச் செயல்முறையும் அதே புள்ளிக் கோலத்தை உண்டாக்கலாம் என்பது கணித உண்மை, பார்ட்லெட் 1960-களிலேயே காட்டியது. பிரிக்க வேண்டுமென்றால் மண்ணை அளக்க வேண்டும், அல்லது சில வருடம் கழித்து மறுபடி வந்து எது முளைத்தது, எது பட்டது என்று பார்க்க வேண்டும். பனை விஷயத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டாலே பாதி தீர்ந்துவிடும்.

இதுவரை சொன்னது தரவை வாசிக்கும் கணிதம். இன்னொரு வகை, செயல்முறையை எழுதிப் பார்க்கும் கணிதம். கணிதத்திலிருந்து வருபவருக்கு இதுதான் இனிக்கும். ரிச்சர்ட் லெவின்ஸ் 1969-இல் எழுதிய சமன்பாடு ஒன்று உண்டு. நிறையத் திட்டுகள் இருக்கின்றன, குளங்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஓர் உயிரினம் சில குளங்களில் இருக்கிறது, அங்கிருந்து வெறுங்குளங்களுக்குப் பரவுகிறது, சில குளங்களில் அற்றுப்போகிறது. அற்றுப்போகும் வேகத்தைக் குடியேறும் வேகத்தால் வகுத்தால் 0.4 என்று கொள்வோம். நீண்ட காலத்தில் 60 விழுக்காடு குளங்களில் அது இருக்கும், 40 எப்போதும் வெறுமையாகக் கிடக்கும். இப்போது 30 விழுக்காடு குளங்களை மண்ணடித்து மனையாக்கிவிட்டார்கள். மிச்சம் 70 குளம் இருக்கிறதே, உயிரினம் 42-இல் இருக்கும் என்று தோன்றும். வெறுமையாகக் கிடக்கும் 40 அப்படியே வேண்டும் என்பதால், சமன்பாடு 30 என்று சொல்கிறது. 60 விழுக்காட்டை அழித்தால்? 40 குளம் நல்ல நிலையில் இருந்தும் உயிரினம் முழுவதும் அற்றுப்போகும். வெறுங்குளம் வீண் என்று நாம் நினைப்பது தப்பு, அடுத்த குடியேற்றத்துக்கு அது வேண்டும் என்பதை இவ்வளவு சின்னச் சமன்பாடு காட்டிவிடுகிறது. உடனே நடக்காமல் பல வருடம் கழித்து நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. குளம் தூர்ந்த மறுவருடம் போய்ப் பார்த்து “ஒன்றும் ஆகவில்லையே” என்பவருக்கு இதுவே பதில்.

எந்த அளவுக்கு நம்பலாம்? திசையை நம்பலாம், எண்ணை நம்பக் கூடாது. எல்லாக் குளமும் ஒரே அளவு, எல்லாக் குளத்துக்கும் இடையே ஒரே தூரம் என்று லெவின்ஸ் எடுத்துக்கொண்டார். இல்க்கா ஹான்ஸ்கி 1990-களில் தூரத்தையும் பரப்பையும் உள்ளே கொண்டுவந்து, பின்லாந்தின் ஓலாந்து தீவுகளில் ஆயிரக்கணக்கான புல்வெளித் திட்டுகளில் வாழும் ஒரு பட்டாம்பூச்சியை வைத்துச் சோதித்தார். அங்கே அது நன்றாகப் பொருந்தியது. நம் ஊரில் எதற்குப் பொருந்தும்? கூழைக்கடாவுக்கு நிச்சயம் இல்லை, அதற்கு மாவட்டமே ஒரு திட்டு. குளத்திலேயே முட்டையிட்டு வளரும் சில ஊசித்தட்டான்களுக்கும் தவளைகளுக்கும் பொருந்தலாம் என்பது என் கணிப்பு. பறவையை வைத்துத் தொடங்கினாலும் நடுவில் தட்டானுக்கு மாறிவிடுவது நல்லது என்றுகூடச் சொல்வேன், சமன்பாடு அதற்குத்தான் அதிகம் பேசும்.

பரவலைப் பற்றியும் கொஞ்சம். 1905-இல் பிராக் நகரத்துக்கு அருகே விடப்பட்ட மஸ்க்ரேட் என்ற நீர் எலி ஐரோப்பாவில் பரவியதை ஸ்கெல்லம் 1951-இல் எடுத்துக் கணக்கிட்டார். பரவிய பரப்பின் வர்க்கமூலம் வருடத்தோடு நேர்கோட்டில் வளர்ந்திருந்தது. அதன் பின்னால் இருக்கும் பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டை 1937-இலேயே ஃபிஷர் வேறொரு காரணத்துக்காக எழுதியிருந்தார். முன்னேறும் வேகம், பெருகும் வீதத்தையும் விரவும் வீதத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, அதன் இருமடங்கு. பெருக்கத்தைப் பாதியாகக் குறைத்தாலும் வேகம் பாதியாகாது, ஏறக்குறைய முப்பது விழுக்காடுதான் குறையும். இதை ஆகாயத்தாமரைக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று யாருக்கும் ஆசை வரும். போடலாம், ஆனால் ஆகாயத்தாமரை எல்லாத் திசையிலும் விரவுவதில்லை, பழையாற்றின் ஓட்டத்தோடும் கால்வாயோடும் போகிறது. நேர்கோட்டுத் தூரத்துக்கு அங்கே பொருள் இல்லை, தண்ணீர் போகும் வழியின் தூரம்தான் கணக்கு. மனிதர் கையால் ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் சீரான வேகம் என்பதே உடைந்து, போகப்போக வேகம் கூடும்.

செயற்கைக்கோள் படம் பற்றி ஒன்றே ஒன்று. சென்டினல்-2 படங்கள் பத்து மீட்டர் துல்லியத்தில் இலவசம், லேண்ட்சாட் முப்பது மீட்டரில் 1980-களிலிருந்து கிடைக்கும். பசுமைக் குறியீடு போட்டவுடன் மாவட்டத்தின் மேற்குப் பாதி முழுக்கக் காடுபோலத் தெரியும். அதில் பெரும்பங்கு ரப்பர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் இலை உதிர்த்துத் தளிர்க்கும், பசுமை மாறாக் காடு அப்படிச் செய்யாது. எனவே ஒரே நாள் படத்தை எடுக்காமல் வருடம் முழுவதன் வரிசையை எடுத்தால் பிரித்துவிடலாம். வீடு, தென்னை, வாழை, பலா எல்லாம் பத்து சென்டுக்குள் இருக்கும் நம் விளைகளை முப்பது மீட்டர் கட்டத்தில் பிரிக்க முயல வேண்டாம்.

வன உயிரினங்களுக்குப் போக நினைத்தால், 2008-இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் சுமார் 402 சதுர கிலோமீட்டர். களக்காடு–முண்டந்துறையோடும் கேரளத்தின் நெய்யாறோடும் ஒட்டிக் கிடக்கிறது. அங்கே கேமரா வைக்க வனத்துறை அனுமதி வேண்டும், மாணவருக்கு அது முதல் திட்டமாக ஒத்துவராது. கணிதம் மட்டும் சொல்கிறேன்: வரியை வைத்துப் புலியை அடையாளம் கண்டு எண்ணும் முறையை உல்லாஸ் கரந்த் 1990-களில் நாகரஹொளேயில் நிலைநாட்டினார். வந்த எண்ணை எந்தப் பரப்பால் வகுப்பது என்ற சிக்கல் மட்டும் நின்றது. ஒவ்வொரு விலங்குக்கும் நடமாட்ட மையம் ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாத மாறியாக வைத்து எஃபோர்ட் 2004-இல் அதைத் தீர்த்தார்.

இப்போது நிபுணர்களே ஒத்துப்போகாத இடம். இட ஒட்டுறவைச் சமாளிக்க, மாதிரியில் இடத்துக்கென்று ஒரு சமவாய்ப்பு விளைவை, அதாவது அருகருகே உள்ள இடங்களில் ஒன்றுபோல் ஏறி இறங்கும் ஒரு கூடுதல் உறுப்பை, சேர்ப்பது வழக்கம். சேர்த்தவுடன் சில நேரம் நீர் ஆழத்தின் கெழு, அதாவது ஆழம் மாறினால் பறவை எவ்வளவு மாறும் என்று சொல்லும் எண், சுருங்கிவிடும், குறிகூட மாறும். ஏனென்றால் ஆழமும் இடத்தோடு சேர்ந்தே மாறுகிறது, யார் பங்கு எவ்வளவு என்று தரவால் சொல்ல முடியவில்லை. எந்தக் கெழுவை நம்புவது என்பதில் பதினைந்து இருபது வருடமாக வாதம் ஓய்ந்தபாடில்லை. என் பழக்கம்: இரண்டையும் போட்டு, இரண்டையும் எழுதுவது, ஒன்றை மறைப்பதில்லை. மாறாக, மாதிரியைச் சோதிக்கும் முறையில் எனக்குத் தயக்கமே கிடையாது. தரவைச் சமவாய்ப்பில் ஐந்தாகப் பிரித்துச் சோதித்தால், சோதனைக் குளத்துக்குப் பக்கத்துக் குளம் மாதிரியைப் பயிற்றிய தரவில் இருக்கும், மாதிரி பார்த்து எழுதிவிடும். அகஸ்தீஸ்வரத்தை மொத்தமாக ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற வட்டங்களில் பயிற்றி, பிறகு அங்கே சோதியுங்கள். தொண்ணூறு விழுக்காடு துல்லியம் என்று அறிவிக்கும் வரைபடங்கள் பல இந்தச் சோதனையில் குப்புற விழும்.

என்ன படிப்பது? அணிகள், குறிப்பாக உடன்மாறுபாட்டு அணியும் ஐகன் மதிப்பும் கைவரட்டும். நிகழ்தகவு, சாத்தியக்கூறு, பாய்சான் செயல்முறை, பொதுமைப்படுத்திய நேரியல் மாதிரிகள் வேண்டும். வகைக்கெழுச் சமன்பாடு உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். புள்ளியியல் கணக்குக்கான ஆர் மொழியும், வரைபடத்துக்கான கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம், ஆறு மாதம் தினமும் தொட்டால் பழகிவிடும். பறவையை அடையாளம் காண்பதற்குத்தான் அதைவிட அதிக நாள் ஆகும். அதற்கு ஊரில் ஏற்கெனவே பறவை பார்ப்பவர்களோடு சேர்ந்து போவது ஒன்றே வழி.

நூறு குளத்துக்குத் திரும்பினால், நான் இப்படிச் செய்வேன். ஒரே ஒரு பறவை எடுப்பேன், நீளவால் இலைக்கோழி என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமரை இலை, ஆகாயத்தாமரை, நீர் ஆழம் மூன்றும் அதற்குப் பொருட்டு என்பதால் கேள்வி தெளிவாக இருக்கும். நூறு வேண்டாம், நாற்பது குளம். நான்கு திசையிலிருந்தும் சமவாய்ப்பில் முப்பது, மீதிப் பத்தை வேண்டுமென்றே ஏற்கெனவே தேர்ந்த குளங்களுக்கு மிக அருகில். அந்தப் பத்து இல்லாவிட்டால் வேரியோகிராமின் தொடக்கப் பகுதி வெறுமையாக இருக்கும், ஒட்டுறவு எத்தனை தூரத்தில் அடங்குகிறது என்று தோராயமாகக்கூடத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து முறை, எல்லாம் ஆறு வாரத்துக்குள், கும்பப்பூ அறுவடைக்கு முன்பே முடியும்படி. ஒவ்வொரு முறையும் நேரம், வெயில், காற்று, நீர் மட்டம், தாமரை மூடிய பங்கு, யார் பார்த்தார் என்பதைக் குறிக்க வேண்டும். பறவை இல்லாத நாளையும் கட்டாயம் எழுத வேண்டும். தரவு சேர்ந்ததும் இங்கே போடுங்கள். மொரான் குறியீடு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், எந்த நாளில் எந்த வரிசையில் எந்தெந்தக் குளத்துக்குப் போனீர்கள் என்ற பட்டியலைத்தான் நான் முதலில் கேட்பேன்.